நீர் வடியும் கலனும் நேரிய சமன்பாடும்: ஒரு வகுப்பறை நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒன்பதாம் வகுப்புக்கு நேரிய சமன்பாடுகளைக் கற்பிக்கும் கணித ஆசிரியர் ஒருவர், மாணவர்கள் தாங்களே அளந்து தாங்களே சமன்பாடு எழுதும் செய்முறைப் பணிகளைத் தொடராக அமைத்திருந்தார். வகுப்பில் 32 மாணவர்கள். நால்வருக்கு ஒரு குழுவாக எட்டுக் குழுக்கள். அதே பள்ளியில் அறிவியல் கற்பிக்கும் நான், அந்த வகுப்புகளில் பார்வையாளராக இருந்து எடுத்த குறிப்புகளின் அடிப்படையில் இதை எழுதுகிறேன்.

தொடரின் முதல் பணி எளியது. நேரான பக்கங்கள் கொண்ட உருளைக் கலன் ஒன்றைக் குழாயடியில் வைத்து, குழாயை ஒரே அளவில் திறந்துவிட்டு, நிமிடத்துக்கு ஒருமுறை நீர்மட்டத்தைக் குறிக்க வேண்டும். அளவுகள் 0, 4.1, 8.0, 12.1, 16.0 சென்டிமீட்டர் என வந்தன. உயரம் = 4 × நேரம் என்று எல்லாக் குழுக்களும் எழுதின. சாய்வு என்பது வரைபடத் தாளில் கோடு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்வதன்று, நிமிடத்துக்கு 4 செ.மீ. என்ற மாறுவீதத்தையே சொல்கிறது என்பதை அன்றைக்கு மாணவர்கள் நன்றாகவே பிடித்துக்கொண்டார்கள்.

இதனுடன் இன்னொரு பழக்கமும் சேர்ந்தே வளர்ந்திருந்தது. பயிற்சிக் கணக்குகளில் பெரும்பாலும் இரண்டு புள்ளிகளே தரப்படும். அவற்றிலிருந்து சாய்வைக் கண்டு, வெட்டுத்துண்டை (கோடு செங்குத்து அச்சை வெட்டும் அளவை, அதாவது நேரம் சுழியாக இருக்கும்போதுள்ள மதிப்பை) கண்டு, சமன்பாட்டை எழுதி முடிக்க வேண்டும். எந்த இரண்டு புள்ளிகள் வழியாகவும் ஒரு நேர்கோடு செல்லும் என்பதால், இரண்டு அளவீடுகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நிகழ்வு நேரியது என்று யாரும் நிறுவிவிட முடியாது. இதை மாணவர்கள் அறியாதவர்கள் அல்லர். ஆனால் அந்த அறிவுக்கு வேலையே இல்லாதபடிதான் பயிற்சிக் கணக்குகள் அமைந்திருந்தன.

பணியும் முதல் கணிப்பும்

இரண்டாவது பணியில் நீர் நிரம்புவதற்குப் பதிலாக வடிய வேண்டும். சுமார் 16 செ.மீ. விட்டமுள்ள ஒளி ஊடுருவும் உருளைக் கலனின் பக்கவாட்டில், அடிப்பகுதியை ஒட்டி 4 மில்லிமீட்டர் துளை ஒன்று போடப்பட்டிருந்தது. கலன் ஒரு குட்டை முக்காலியின் மேல் இருந்தது. துளை தரையிலிருந்து 25 செ.மீ. உயரத்தில் வந்தது. துளையின் மட்டத்தைச் சுழியாகக் கொண்டு கலனின் வெளிப்புறத்தில் அளவுகோல் ஒட்டப்பட்டது. 36 செ.மீ. வரை நீர் நிரப்பி, ஒரு மாணவர் துளையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருக்க, இன்னொருவர் கைப்பேசியில் நேரம் பார்க்க, மூன்றாமவர் மட்டத்தைப் படித்துச் சொல்ல, நான்காவதாக ஒரு மாணவி பீறிட்டு வரும் நீரைப் பிடிக்க வாளியோடு தரையில் உட்கார்ந்திருந்தார்.

இரண்டு நிமிடங்கள் கழித்து மட்டம் 25.0 செ.மீ. இருந்தது. அப்போது துளையை மறுபடி அடைக்கச் சொன்ன ஆசிரியர், கலன் முழுவதும் காலியாக மொத்தம் எத்தனை நிமிடம் ஆகும் என்று கணிக்கும்படி எல்லாக் குழுக்களையும் கேட்டார். எட்டுக் குழுக்களும் ஒரே வழியில் சென்றன. இரண்டு நிமிடத்தில் 11 செ.மீ. இறங்கியிருக்கிறது, ஆகவே சாய்வு –5.5; உயரம் = 36 – 5.5 × நேரம். உயரத்தைச் சுழியாக்கினால் நேரம் ஏறத்தாழ 6 நிமிடம் 33 வினாடி. ஒரு குழுவும் மேலும் ஓர் அளவீடு வேண்டும் என்று கேட்கவில்லை.

கண்டது

துளை மீண்டும் திறக்கப்பட்டது. அடைத்து வைத்திருந்த நேரம் கணக்கில் சேர்க்கப்படவில்லை. குறித்த 6 நிமிடம் 33 வினாடியில் மட்டம் ஏழரை சென்டிமீட்டரை ஒட்டி நின்றது. தொடக்கத்தில் இருந்த நீரில் ஐந்தில் ஒரு பங்கு இன்னும் கலனிலேயே இருந்தது.

வகுப்பில் எழுந்த முதல் குரல், “மிஸ், ஓட்டையில ஏதோ அடைச்சிருச்சு” என்பது. நேரம் பார்த்தவர் தாமதமாக அழுத்திவிட்டார் என்று ஒரு குழு சொன்னது. மட்டத்தைச் சாய்வாக நின்று படித்திருப்பார் என்று மற்றொரு குழு சொன்னது. இவை எவையும் பொருளற்ற ஐயங்கள் அல்ல. அளவீட்டில் இப்படிப்பட்ட பிழைகள் வரத்தான் செய்யும். ஆனாலும் எல்லா ஐயமும் கருவியின் மீதும் ஆளின் மீதும் பாய்ந்ததே தவிர, சமன்பாட்டின் மீது ஒன்றுகூடப் பாயவில்லை என்பதை நான் அப்போதே குறித்துக்கொண்டேன்.

ஒரு குழு மட்டும் புதிய அளவீடுகளைக் கொண்டு கோட்டைத் திருத்த முயன்றது. நான்காம் நிமிடத்தில் 16.0, ஆறாம் நிமிடத்தில் 9.0 என்ற அளவுகளை எடுத்துக்கொண்டு, சாய்வு –3.5 என்றும், உயரம் = 30 – 3.5 × நேரம் என்றும் எழுதியது. இதன்படி கலன் காலியாக 8 நிமிடம் 34 வினாடி ஆக வேண்டும். இந்தச் சமன்பாட்டைக் கரும்பலகையில் பார்த்துக்கொண்டிருந்த பின்வரிசை மாணவர் ஒருவர், “அப்படின்னா ஆரம்பத்துல 30 தானே இருந்திருக்கணும்? நாம 36-ல தானே ஆரம்பிச்சோம்?” என்று கேட்டார். அன்றைய வகுப்பில் எழுந்த கேள்விகளில் மிகச் சிறந்தது இதுதான் என்பேன். வெட்டுத்துண்டுக்கு நிகழ்வில் ஒரு பொருள் இருக்கிறது, அந்தப் பொருள் பொய்த்தால் கோடும் பொய்த்தது என்பதை அவர் யாரும் சொல்லித்தராமலே கண்டுகொண்டார். எட்டரை நிமிடம் கடந்தபோது கலனில் ஏறத்தாழ 3 செ.மீ. நீர் மிச்சமிருந்ததும் அவர் பக்கமே பேசியது.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

நீர்மட்டம் குறையக் குறைய அழுத்தம் குறைகிறது, அதனால் நீர் வெளியேறும் வேகமும் குறைகிறது என்று ஆசிரியர் அங்கேயே சொல்லி முடித்திருக்கலாம். அவர் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் மாணவர்கள் அதை நீரைப் பற்றிய ஒரு செய்தியாக வாங்கிக்கொள்வார்களே தவிர, இரண்டு புள்ளிகளை வைத்துக் கோடு போடும் பழக்கத்தை அது தொடாது என்பது அவர் கணிப்பு. துளை அடைத்திருக்கலாம் என்றவர்களிடமே கலனைக் கொடுத்து, துளையை ஊசியால் துழாவிக் கழுவி, மறுபடியும் முதலிலிருந்து அளக்கச் சொன்னார். இதற்கு ஒரு பாடவேளை முழுதாகச் செலவானது. பாடத்திட்டத்தை முடிக்க வேண்டிய நெருக்கடியில் இது சிறிய விலையன்று; எனினும் அன்று அளவீடுகள் சற்றும் மாறாமல் வந்தபோதுதான் கருவியின் மீதான ஐயம் முற்றிலும் விலகியது.

இரண்டாவது முடிவு வரைபடத்தைத் தள்ளிவைத்தது. இது எனக்கு முதலில் வியப்பாக இருந்தது, ஏனெனில் வளைகோட்டைக் கண்ணாலேயே காட்டிவிட்டால் வேலை எளிதில் முடிந்துவிடும் அல்லவா? ஆசிரியர் தந்த காரணம் வேறு. சிறிய அளவுத்திட்டத்தில் வரையும்போது முதல் சில நிமிடங்களின் புள்ளிகள் கிட்டத்தட்ட நேராகவே தெரியும். கோடு இருக்க வேண்டும் என்று நினைக்கும் மாணவர் அளவுகோலை வைத்து அவற்றை நேராக்கியும் விடுவார். அடுத்தடுத்த அளவுகளின் வேறுபாட்டை ஒரு நிரலாக எழுதினால் அந்தச் சமாளிப்புக்கு இடமில்லை.

மூன்றாவதாக, இருபடிச் சார்புகளுக்குள் இந்தப் பாடத்தைக் கொண்டுபோக வேண்டாம் என்று முடிவு செய்தார். வகுப்பு இன்னும் அங்கே வரவில்லை என்பது ஒரு காரணம். நேரிய சமன்பாட்டைக் கைவிட வேண்டிய தேவையே இதில் இல்லை, அதைப் பயன்படுத்தும் இடத்தைத்தான் மாற்ற வேண்டும் என்று அவர் கருதியது மற்றொரு காரணம்.

வேறுபாட்டு நிரல்

சுழியிலிருந்து எட்டாம் நிமிடம் வரையிலான உயரங்கள் செ.மீ. அளவில் இவை: 36.0, 30.2, 25.0, 20.3, 16.0, 12.2, 9.0, 6.3, 4.0. ஒவ்வொரு நிமிடத்திலும் இறங்கிய அளவுகள்: 5.8, 5.2, 4.7, 4.3, 3.8, 3.2, 2.7, 2.3.

இந்த இரண்டாவது வரிசையைக் கரும்பலகையில் எழுதி முடித்ததும் வகுப்பில் சலசலப்பு எழுந்தது. அளக்கும் பிழையாக இருந்தால் சில வேறுபாடுகள் கூடியும் சில குறைந்தும் வந்திருக்க வேண்டும். இங்கே ஒன்றுகூடத் திசை மாறாமல் எல்லாமே இறங்கிக்கொண்டே வந்தன. அது மட்டுமல்ல, அவை இறங்கும் அளவும் 0.6, 0.5, 0.4, 0.5, 0.6, 0.5, 0.4 என்று அரை சென்டிமீட்டரைச் சுற்றியே நின்றது. உயரம் நேர்கோட்டில் குறையவில்லை. உயரம் குறையும் வீதம்தான் நேர்கோட்டில் குறைகிறது.

அந்த வீதத்துக்குச் சமன்பாடு எழுதும் வேலை தொடங்கியபோது குழுக்களிடையே ஒரு வேறுபாடு தோன்றியது. முதல் நிமிடத்தின் இறக்கமான 5.8 என்பதை எந்த நேரத்துக்கு உரியதாகக் கொள்வது? சில குழுக்கள் அதை முதல் நிமிடத்தின் முடிவில் குறித்து, வீதம் = 6.25 – 0.5 × நேரம் என எழுதின. அந்த இறக்கம் நிமிடம் முழுவதற்கும் உரிய சராசரி என்பதால் அதை அரை நிமிடத்தில் குறித்த குழுக்களுக்கு வீதம் = 6 – 0.5 × நேரம் என்று வந்தது. முதலாவதன்படி வீதம் சுழியாவது 12.5 நிமிடத்தில், இரண்டாவதன்படி 12 நிமிடத்தில்.

எது சரி என்று தீர்ப்புச் சொல்லாமல், வீதக் கோட்டுக்குக் கீழே இரு அச்சுகளோடும் சேர்ந்து உருவாகும் முக்கோணத்தின் பரப்பைக் காணச் சொன்னார் ஆசிரியர். நிமிடத்துக்கு இத்தனை சென்டிமீட்டர் என்பதை நிமிடத்தால் பெருக்கினால் கிடைப்பது சென்டிமீட்டர். ஆகவே அந்தப் பரப்பு, நீர்மட்டம் மொத்தமாக இறங்கிய தொலைவைத் தர வேண்டும். முதல் சமன்பாட்டில் அது 6.25 × 12.5 ÷ 2, அதாவது 39 செ.மீ.க்குச் சற்று மேல். இரண்டாவதில் 6 × 12 ÷ 2, சரியாக 36. கலனில் இல்லாத 3 செ.மீ. நீரை வடியவிட்ட சமன்பாட்டை அதை எழுதிய குழுக்களே அழித்தன. மாறிவரும் வேகத்தைக் கோடாக வரைந்து, அதன் கீழுள்ள பரப்பைக் கடந்த தொலைவாகப் பார்க்கும் இந்த முறையைப் பதினான்காம் நூற்றாண்டிலேயே பிரான்சைச் சேர்ந்த நிக்கோல் ஒரேம் கையாண்டிருக்கிறார். தொகைநுண்கணிதம் என்ற பெயரை இன்னும் கேட்டிராத மாணவர்களுக்கும் அது எட்டும் தூரத்தில்தான் இருந்தது என்பதை நேரில் கண்டேன்.

பன்னிரண்டு நிமிடம் என்ற கணிப்பைச் சோதித்தபோது, மட்டம் ஒரு சென்டிமீட்டரை நெருங்கும்வரை சமன்பாடும் கலனும் ஒத்தே நடந்தன. அதன் பிறகு நீர்த்தாரை உடைந்து, கலனின் சுவரோடு ஒட்டி வழியத் தொடங்கியது. துளையின் விளிம்பில் நீரின் பரப்பு இழுவிசை மேலோங்கிவிட்டது. பன்னிரண்டாம் நிமிடத்தில் சில மில்லிமீட்டர் நீர் மிச்சமிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. இந்த மாதிரிக்கும் ஓர் எல்லை உண்டு என்று அதையும் குறிப்பேட்டில் எழுத வைத்தார்கள்.

வாளி சொன்னது

இதுவரை சொன்னவற்றுக்கு ஆசிரியரிடம் திட்டம் இருந்தது. அடுத்தது எவர் திட்டத்திலும் இல்லாதது. இரண்டாம் முறை அளந்தபோதும் வாளியோடு உட்கார்ந்திருந்த மாணவி, தான் வாளியைக் கலனை நோக்கி இழுத்துக்கொண்டே வர வேண்டியிருந்தது என்றும், இழுத்த வேகம் கடைசிவரை ஒரே மாதிரி இருந்தது போலத் தோன்றியது என்றும் தயக்கத்தோடு சொன்னார். அவருடைய குழுவினரே அதை நம்பவில்லை. மட்டம் வேகம் குறைந்து இறங்குகிறது என்று இப்போதுதானே நிறுவியிருக்கிறோம், நீர் விழும் இடம் மட்டும் எப்படி ஒரே வேகத்தில் நகரும்?

தரையில் அளவுகோலைக் கிடத்தி நீர் விழும் இடத்தைக் குறித்தபோது, அது தொடக்கத்தில் கலனிலிருந்து 58 செ.மீ. தொலைவில் இருந்து, நிமிடத்துக்கு 5 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக நெருங்கி வந்தது தெரிந்தது. வேறுபாட்டு நிரலில் கூடுதலும் குறைவும் கலந்து வந்தனவே தவிர, ஒரே பக்கச் சரிவு எதுவும் இல்லை. அவர் சொன்னது சரி.

காரணம் இதுதான். துளை வழியாக நீர் வெளியேறும் வேகம், துளைக்கு மேலுள்ள நீரின் உயரத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும்; இத்தாலிய அறிஞர் டொரிசெல்லி 1644-இல் வெளியிட்ட விதி இது. துளையிலிருந்து தரைவரை நீர் விழ ஆகும் நேரம் மாறுவதில்லை என்பதால், நீர் போய் விழும் தொலைவும் அதே வர்க்கமூலத்தைப் பின்பற்றும். உயரங்களுக்கு வர்க்கமூலம் கண்டு பார்த்தால் சுழி, இரண்டு, நான்கு, ஆறாம் நிமிடங்களில் முறையே 6, 5, 4, 3 என்று வருகிறது: நிமிடத்துக்கு அரை என்ற சீரான இறக்கம். (எண்கள் இவ்வளவு முழுமையாக வந்ததற்குத் துளையின் அளவும் 36 என்ற தொடக்கமும் தற்செயலாக இசைந்ததே காரணம், வேறொரு கலனில் இதை எதிர்பார்க்கக் கூடாது.) ஆறாம் நிமிடத்தில் உயரம் 36-இல் கால் பங்காகிய 9-க்கு வந்தபோது இறங்கும் வீதம் 6-இல் பாதியாகிய 3-க்கு வந்திருந்ததையும் மாணவர்கள் சரிபார்த்துக்கொண்டார்கள்.

மட்டம் ஒரே வீதத்தில் இறங்க வேண்டுமானால் கலன் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்ற கேள்வியும் எழுந்தது. மட்டம் இறங்க இறங்க வெளியேறும் நீர் குறைவதால், கலனும் கீழே போகப்போகக் குறுக வேண்டும் என்று மாணவர்களே விடை கண்டார்கள். எகிப்தின் கர்னாக்கில் கிடைத்த, மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட நீர்க் கடிகாரம் கீழ்நோக்கிக் குறுகும் பக்கங்களோடு இருப்பதன் படத்தை நான் அடுத்த வகுப்பில் காட்டினேன்.

பிறகு நிகழ்ந்தது

பழக்கம் உண்மையிலேயே மாறியதா என்று அறிய, சில வாரங்கள் கழித்து முற்றிலும் வேறான ஒரு பணி தரப்பட்டது. கைப்பேசி ஒன்று மின்னேற்றம் பெறும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையில் காட்டிய விழுக்காடுகள்: 20, 32, 44, 56, 68, 79, 87, 92, 95. கேள்வித்தாளில் இவற்றுள் எத்தனை அளவீடுகளைப் பயன்படுத்த வேண்டும் என்று சொல்லப்படவில்லை. முதல் இரண்டை மட்டும் கொண்டு அளவு = 20 + 1.2 × நேரம் என்று எழுதி நீட்டினால், 67 நிமிடத்தில் மின்கலம் நிறைய வேண்டும். ஆனால் 80-ஆம் நிமிடத்திலும் 95-ஐத் தாண்டவில்லை. லித்தியம் அயனி மின்கலங்கள் பொதுவாகத் தொடக்கத்தில் நிலையான மின்னோட்டத்திலும், மின்னழுத்தம் உச்ச வரம்பைத் தொட்டபின் படிப்படியாகக் குறையும் மின்னோட்டத்திலும் ஏற்றப்படுவதால் இப்படி அமைகிறது.

எட்டில் ஆறு குழுக்கள் கேட்காமலே வேறுபாட்டு நிரலை எழுதி, நாற்பதாம் நிமிடம் வரைக்கும்தான் இந்தச் சமன்பாடு செல்லும் என்று எல்லை வகுத்தன. ஒரு குழு பழைய வழியிலேயே கோட்டை நீட்டியது. எட்டாவது குழு, வேறுபாடுகள் சமமாக இல்லாததால் இதற்கு நேரிய சமன்பாடே எழுத முடியாது என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

இந்த எட்டாவது குழுவின் விடை அப்போது சிறு விதிவிலக்காகவே தெரிந்தது. அடுத்த பணியில் அது அப்படித் தெரியவில்லை. குழாயில் நிரம்பும் நீரின் அளவீடுகளை மறுபடியும் தந்து, அதில் நிமிட வேறுபாடுகள் 4.1, 3.9, 4.0, 4.2, 3.9 என்று வரும்படி அமைத்திருந்தபோது, மூன்று குழுக்கள் இது நேரியதன்று என்று எழுதின. ஒவ்வொரு அளவீட்டிலும் ஒரு மில்லிமீட்டர் முன்பின் இருக்கலாம் என்றால், இரண்டு அளவீடுகளின் வேறுபாட்டில் இரண்டு மில்லிமீட்டர் வரை விலகல் வருவது இயல்பு. இங்கே வந்ததும் அவ்வளவுதான். திசையும் மாறி மாறியே இருந்தது. முன்பு எதையும் நேர்கோடாக்கியவர்களில் சிலர் இப்போது எதையும் நேர்கோடாக ஏற்க மறுத்தார்கள். என் பார்வையில் இரண்டும் ஒரே குறையின் இரு பக்கங்கள்: எண்களின் விலகல் எவ்வளவு, அது எந்தத் திசையில் என்று எடைபோடாமல் விடையைத் தீர்மானிப்பது.

மாற்றவிருப்பவை

அடுத்த ஆண்டுக்கான பணித்தாள்களில் ஆசிரியர் சில திருத்தங்களைச் செய்திருக்கிறார். குழாயில் நிரம்பும் பணியில் முதல் நாளே வேறுபாட்டு நிரல் இடம்பெறும். ஒரே மட்டத்தைக் குழுவில் நால்வரும் தனித்தனியே படித்து எழுதி, தங்கள் அளவீடு எவ்வளவு முன்பின் ஆகிறது என்பதை வடியும் கலனைத் தொடுவதற்கு முன்பே தெரிந்துகொள்வார்கள். இவ்வாண்டு வெளிப்பட்ட மிகையான ஐயத்துக்கு இது ஓரளவு அணை போடும் என்று நானும் எதிர்பார்க்கிறேன். கைப்பேசிப் பணியில், சமன்பாட்டோடு அது செல்லுபடியாகும் நேர எல்லையையும் எழுதாவிட்டால் முழு மதிப்பெண் இல்லை.

வடியும் கலனில் இரண்டு அளவீட்டுக்குப் பிறகு நிறுத்திக் கணிக்கச் சொன்ன கட்டத்தை அவர் மாற்றவில்லை. தவறான விடைக்கு மாணவர்களை வேண்டுமென்றே இட்டுச்செல்வது நியாயமா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டிருந்தார். அந்தக் கணிப்பு குறிப்பேட்டில் அவரவர் கையெழுத்தில் இல்லாவிட்டால், வேறுபாட்டு நிரலைக் கண்டபின் “இது எனக்கு முன்பே தெரியும்” என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள் என்பது ஆசிரியரின் பதில். நீர் விழும் இடத்தை அளப்பது இனித் தனிப் பணியாகவே தாளில் இருக்கும். வாளி பிடிப்பவரின் குறிப்புக்கென்று ஒரு நிரலும் விடப்பட்டிருக்கிறது.